எந்தச் சிறைக்கு அனுப்புவது? பிரிட்டனைப் பத்தாண்டாகப் படுத்தும் கேள்வி

2023 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை. ஐலா பிரைசன் என்பவர் இரண்டு பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று கிளாஸ்கோ உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முடிவுசெய்தார்கள். குற்றங்கள் 2016-லும் 2019-லும் நடந்தவை. அப்போது அவர் ஆணாக வாழ்ந்தவர். வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில் தன்னைத் திருநங்கை என்று அறிவித்துப் பெயரையும் மாற்றிக்கொண்டார். தண்டனைக் காலம் அறிவிக்கப்படும்வரை அவரை எங்கே வைத்திருப்பது? ஸ்டர்லிங்கில் அப்போது இருந்த கார்ன்டன் வேல் பெண்கள் சிறைக்கு வண்டி போனது. மற்ற கைதிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் செய்தி வெளியே வந்ததும் நாடு கொதித்தது. வியாழக்கிழமை ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இவர் பெண்கள் சிறையில் தண்டனையை அனுபவிக்கமாட்டார் என்றார். அன்றே அவரை ஆண்கள் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பிப்ரவரி இறுதியில் 8 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கைதி எந்தப் பாலினத்தவராக வாழ்கிறாரோ அதற்கேற்ற சிறை என்ற விதியை ஸ்காட்லாந்துச் சிறைத்துறை 2014 முதல் பின்பற்றிவந்தது. அந்த விதி இரண்டே நாளில் ஆட்டம் கண்டது. பிரிட்டனில் இந்த விவகாரத்தின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. ஒரு விபரீதம் நடக்கும், தலைப்புச் செய்தி வரும், புதிய விதி எழுதப்படும். அடுத்த விபரீதம் எதிர்த்திசையிலிருந்து வரும், விதி திரும்பவும் மாறும். ஒரு தரப்பு இதைப் பெண்களின் பாதுகாப்புப் பிரச்சினை என்கிறது. இன்னொரு தரப்பு திருநர்களின், அதாவது திருநங்கைகள், திருநம்பிகளின், மனித உரிமைப் பிரச்சினை என்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே, கோப்பு படிக்கும் வேலையை அரசு ஒழுங்காகச் செய்ததா என்ற சின்னக் கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கழிப்பறை, விளையாட்டுப் போட்டி, உடைமாற்றும் அறை, சிறை என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விவாதிப்பது வழக்கமாகிவிட்டது. சிறை அந்த மூட்டையில் சேராது. பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போகும் சுதந்திரம் அங்கே யாருக்கும் இல்லை. பெண் கைதி தன் அறைத் தோழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. திருநங்கைக் கைதியும் தன் சிறையைத் தேர்ந்தெடுப்பதில்லை. இருவரையும் பூட்டி வைத்திருப்பது அரசு. அதனால் உள்ளே எது நடந்தாலும் பொறுப்பும் அரசுடையது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-வது பிரிவு யாரையும் இழிவாகவோ மனிதத்தன்மையற்ற முறையிலோ நடத்தக்கூடாது என்கிறது. 8-வது பிரிவு தனிவாழ்வுக்கு மரியாதை கேட்கிறது. இரண்டு பிரிவுகளும் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். வழக்கறிஞர்களுக்கு வேலை கிடைப்பதும் இங்கேதான்.

சரி, பெண்களுக்குத் தனிச் சிறை என்பதே எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் நியூகேட் சிறையில் பெண்கள் இருந்த நிலையை 1813-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃப்ரை என்ற பெண்மணி போய்ப் பார்த்தார். நெரிசல், அழுக்கு, கைக்குழந்தைகள், மேற்பார்வைக்கு ஆண் காவலர்கள். அவரும் அவரைப் போன்றவர்களும் விடாமல் பேசியதன் பலனாக 1823-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் பெண்களைத் தனியே வைக்க வேண்டும், பெண்களே அவர்களைக் கண்காணிக்க வேண்டும் என்றது. பெண்கள் தனியே வைக்கப்பட்டது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆண்களின் அதிகாரத்தில் அவர்கள் சிக்கியிருந்தார்கள் என்பதுதான் காரணம். இன்று இங்கிலாந்தில் நடப்பில் இருக்கும் 1999-ஆம் ஆண்டுச் சிறை விதிகளில் 12-வது விதி, பெண் கைதிகள் ‘வழக்கமாக’ ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த ‘வழக்கமாக’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் விதிவிலக்குகள் எல்லாம் நுழைந்தன.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் சுமார் 87,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 4 சதவீதம்தான். பெண்களுக்கு மொத்தம் 12 சிறைகள், எல்லாமே இங்கிலாந்தில். வேல்ஸில் ஒன்றுகூட இல்லை. லண்டனில் இருந்த ஹாலோவே சிறையையும் 2016-இல் மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேல் வீட்டு வன்முறையை அனுபவித்தவர்கள். சின்ன வயதில் துன்புறுத்தப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு. பெரும்பாலானோர் திருட்டு போன்ற வன்முறையில்லாத குற்றங்களுக்காகக் குறுகிய காலத் தண்டனை பெற்று வருகிறவர்கள். ஸ்டைல் என்ற பெண்கள் சிறையில் ஒரே ஆண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்த பிறகு, 2007-இல் வெளிவந்த கார்ஸ்டன் அறிக்கை இவர்களை ஆண்களுக்காகக் கட்டப்பட்ட முறைக்குள் திணிக்காதீர்கள் என்று சொன்னது. பெண்கள் சிறை என்பது ஆண்கள் சிறையின் சின்ன வடிவம் அல்ல, அங்கே இருப்பவர்களின் முந்தைய வாழ்க்கையே வேறு. ‘ஒருவர் இருவர் வந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது’ என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது சட்டம். 2002-இல் குட்வின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பாலினம் மாறியவர்களைச் சட்டப்படி அங்கீகரிக்காமல் இருப்பது உரிமை மீறல் என்று பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 2004-இல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. பிறந்த பாலினத்தோடு மனம் ஒத்துப்போகாத ‘பாலின ஒவ்வாமை’ இருப்பதாக மருத்துவச் சான்று காட்ட வேண்டும். இரண்டு ஆண்டு புதிய பாலினத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். அப்போது ஒரு சான்றிதழ் கிடைக்கும். அறுவை சிகிச்சை கட்டாயம் இல்லை. சான்றிதழ் வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் புதிய பாலினத்தவர். அப்படியானால் சிறையில்?

அந்தக் கேள்வி 2009-இல் நீதிமன்றத்துக்கு வந்தது. மனுதாரரின் பெயரை வெளியிடாமல் ‘ஏபி’ என்று மட்டும் குறிப்பிட்டார்கள். கொலைக்குச் சற்றே குறைந்த குற்றம் ஒன்றுக்காக முன்பே தண்டனை பெற்றவர். பிறகு பாலியல் வன்கொடுமை முயற்சிக்காக ஆயுள் தண்டனை. உள்ளே இருக்கும்போதே அங்கீகாரச் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஆனால் ஆண்கள் சிறையில்தான் இருந்தார். அவருடைய சிக்கல் விநோதமானது. அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் பெண்ணாக, பெண்களோடு வாழ்ந்து காட்ட வேண்டும் என்றது மருத்துவமனை. பெண்கள் சிறைக்கு அனுப்ப மறுத்தது சிறைத்துறை. அங்கே போனால் நீண்ட காலம் தனிமையில் வைக்க வேண்டியிருக்கும், செலவு கூடும் என்பது அரசின் வாதம். இதனால் சிகிச்சையும் நின்றது, விடுதலையை நோக்கிய பாதையும் நின்றது. 8-வது பிரிவு மீறப்பட்டிருக்கிறது, அவரைப் பெண்கள் சிறைக்கு மாற்றாமல் வைத்திருக்கும் முடிவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்று இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் பத்திரிகைகள் ஒரு மாதம் ஓட்டும். அன்று பெரிய சத்தம் எழவில்லை. சான்றிதழ் வைத்திருந்த கைதிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

2015 நவம்பரில் நிலைமை மாறியது. ஆண்கள் சிறைகளில் இருந்த இரண்டு திருநங்கைகள் அந்த ஒரே மாதத்தில் இறந்தார்கள். ஒருவர் லீட்ஸ் சிறையில், வயது 21. இன்னொருவர் மில்டன் கீன்ஸ் அருகே வுட்ஹில் சிறையில். அதற்குச் சில வாரங்கள் முன்பு, இன்னொரு திருநங்கையை ஆண்கள் சிறைக்கு அனுப்பியதை எதிர்த்து ஒன்றரை லட்சத்துக்கு அருகில் கையெழுத்துகள் குவிந்து, அவரைப் பெண்கள் சிறைக்கு மாற்றியிருந்தார்கள். சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, பல ஆண்டு பெண்ணாக வாழ்ந்தவரை ஆண்கள் நடுவே தள்ளுவதா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. 2016-இல் வந்த புதிய அறிவுறுத்தல் சான்றிதழ் மட்டுமே அளவுகோல் அல்ல என்றது. கைதி தன்னை எந்தப் பாலினத்தவராக அடையாளப்படுத்துகிறார் என்பதைக் கேட்டு, ஒரு வழக்குக் குழு கூடி, அபாயத்தையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நல்ல விதி. குழு உட்கார வேண்டும், கோப்பைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

2017 செப்டம்பரில் வேக்ஃபீல்டு அருகே நியூ ஹால் பெண்கள் சிறைக்கு விசாரணைக் கைதியாக வந்தார் கேரன் வைட். சான்றிதழ் இல்லை. ஆனால் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனை பெற்ற பதிவு இருந்தது. அடுத்த சில வாரங்களில் அங்கே இருந்த பெண் கைதிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். 2018 அக்டோபரில் லீட்ஸ் நீதிமன்றம் இதற்காகவும், சிறைக்கு வெளியே முன்பு செய்த பாலியல் வன்கொடுமைகளுக்காகவும் ஆயுள் தண்டனை விதித்தது. அவரைப் பெண்கள் சிறைக்கு அனுப்பும்போது முந்தைய குற்றப் பின்னணியைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சிறைத்துறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இந்த ஒப்புதலில் கொஞ்சம் நிற்க வேண்டும். இது விதியின் தோல்வியா, விதியை நடத்தியவர்களின் தோல்வியா? இப்படி ஒருவரைப் பெண்கள் சிறைக்கு அனுப்பச் சொல்லி 2016-ஆம் ஆண்டு விதி கட்டாயப்படுத்தவில்லை. அபாயத்தைப் பார் என்றுதான் சொன்னது. பார்க்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பதிலிலும் வலு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு குழு சரியாக உட்கார்ந்து, சரியான கோப்பைச் சரியான நாளில் படித்தால்தான் பெண்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்றால், அது பாதுகாப்பு ஏற்பாடு இல்லை, அதிர்ஷ்டம். நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் நிரந்தரமாகிவிட்ட பிரிட்டிஷ் சிறைகளில் இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

2019-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. லண்டனின் தெற்கு ஓரத்தில் உள்ள டவுன்வியூ பெண்கள் சிறைக்குள் ‘ஈ விங்’ என்ற தனிப் பிரிவு திறக்கப்பட்டது. சட்டப்படி பெண்ணாகச் சான்றிதழ் பெற்று, ஆனால் பிற பெண்களுக்கு ஆபத்து என்று கருதப்படும் திருநங்கைகளுக்கான இடம் அது. அதே ஆண்டு விதிமுறைகளும் கடுமையாகின. மருத்துவ நிலை, உடலமைப்பு, குற்றப் பின்னணி, தாக்குதலுக்கு உள்ளாகும் வாய்ப்பு எல்லாவற்றையும் மேல்மட்டக் குழு பார்க்க வேண்டும் என்றானது. கைதிகள் கணக்கில் பொருட்டே இல்லாத அளவுள்ள ஒரு சிறு கூட்டத்துக்காக அரசு தனிக் கட்டடப் பகுதி ஒதுக்கியது அதுதான் முதல் முறை.

அந்தப் புதிய விதிகளையே எதிர்த்து ஒரு பெண் கைதி வழக்குப் போட்டார். அவருக்கும் பெயர் இல்லை, ‘எஃப்டிஜே’ என்ற எழுத்துகள்தான். 2017-இல் பிரான்ஸ்ஃபீல்டு சிறையில், சான்றிதழ் பெற்ற ஒரு திருநங்கைக் கைதி தன்னைப் பாலியல் ரீதியாகத் தாக்கினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2021 ஜூலை 2 அன்று உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. தோற்ற வழக்கு என்றாலும், இந்த விவகாரத்தில் நிதானமாக எழுதப்பட்ட ஆவணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்வேன். நீதிபதி ஹோல்ராய்டு பெண் கைதிகளின் பயத்தைக் கேலி செய்யவில்லை. ஆண் உடலமைப்பு உள்ள ஒருவர் பெண்கள் சிறையில் இருப்பதே பொருந்தாது என்று பலர் நினைப்பார்கள், பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களுக்கு அது கடும் அச்சத்தைத் தரும் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பயம் ஒன்று மட்டுமே தராசில் இல்லை, திருநங்கைகளின் உரிமையும் இருக்கிறது. எல்லோரையும் ஒட்டுமொத்தமாக விலக்கினால் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே விட்டதாகும் என்றார். அபாயம் உள்ளவர்களை விலக்க விதியில் வழி இருக்கிறது. அதனால் விதி சட்டப்படி செல்லும்.

சட்டப்படி செல்லும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னால் அந்த விதி நல்லது என்று அர்த்தம் இல்லை. நீதிமன்றம் தன் வரம்பை அறிந்துதான் பேசியது. தீர்ப்பு வந்த அன்று இரண்டு தரப்பும் அதை அவரவர் இஷ்டத்துக்கு வாசித்தார்கள்.

அந்த வழக்கில் எண்கள் பற்றிய சண்டையும் நடந்தது. 2019 நிலவரப்படி இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் திருநர் என்று கணக்கில் வந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் ஆண்கள் சிறைகளிலும் 34 பேர் பெண்கள் சிறைகளிலும் இருந்தார்கள். 163 பேரில் 81 பேர் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள். பாதி! இந்த எண் இணையத்தில் இன்றும் சுற்றுகிறது, பெரும்பாலும் ‘திருநங்கைகளில் பாதிப்பேர் பாலியல் குற்றவாளிகள்’ என்ற அபத்தமான வடிவத்தில். வெளியே வாழும் சமூகத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. உள்ளே இருப்பவர்களைப் பற்றியே அது அரைகுறைதான். யாரைப் பற்றி வழக்குக் குழு கூடிப் பேசியதோ அவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் அதில் இல்லை. குறுகிய தண்டனை பெற்று மூன்று மாதத்தில் வெளியே போகிறவர் பற்றிக் குழு கூடும் முன்பே அவர் போய்விடுவார். பாலியல் குற்றவாளியோ பத்து ஆண்டு உள்ளே இருப்பார். எந்த நாளில் தலை எண்ணினாலும் நீண்ட தண்டனைக்காரர்களே அதிகமாகத் தெரிவார்கள்.

அதற்காக எண்களை மொத்தமாகக் குப்பையில் போட்டுவிடவும் முடியாது. 2016 முதல் 2019 வரை பெண்கள் சிறைகளில் பதிவான 97 பாலியல் தாக்குதல்களில் 7-இல் திருநர் கைதிகள் தாக்கியவர்கள் என்று அதே வழக்கில் தரவு வைக்கப்பட்டது. மொத்தத்தில் சிறு பங்கு. ஆனால் அவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சிறு பங்கு அல்ல. மறுபுறம், 2019 என்ற ஒரே ஆண்டில் ஆண்கள் சிறைகளில் 11 திருநர்கள் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாக அரசே தெரிவித்தது. அவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் அது பயங்கரமான விகிதம். முதல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களையும் இரண்டாவதை மட்டும் சொல்கிறவர்களையும் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் அபூர்வம். பொதுவான முடிவு எதற்கும் வர முடியாத அளவுக்கு எண்கள் சிறியவை, விவரம் போதாதவை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

ஸ்காட்லாந்து இதற்கு முன்பே வேறு பாதையில் போயிருந்தது. 2014-இல் அங்குள்ள சிறைத்துறை, திருநர் அமைப்பு ஒன்றின் ஒத்துழைப்போடு ஒரு கொள்கை வகுத்தது. சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கைதி சமூகத்தில் எந்தப் பாலினத்தவராக வாழ்கிறாரோ அதற்கேற்ற சிறை என்பதுதான் அடிப்படை. அபாயம் இருந்தால் விலக்கலாம். எட்டு ஆண்டுக்கும் மேல் இந்தக் கொள்கை நடப்பில் இருந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. 2022 டிசம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதாவை 86-க்கு 39 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. மருத்துவச் சான்று வேண்டாம், இரண்டு ஆண்டு என்பது மூன்று மாதம், 16 வயது போதும் என்றது அது. அடுத்த மாதமே லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு 1998-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 35-வது பிரிவைக் காட்டி அதைத் தடுத்தது. அந்தப் பிரிவைப் பயன்படுத்தியது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்துப் பிரைசன் வழக்கில் தீர்ப்பு.

மசோதாவும் பிரைசனும் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டார்கள். ‘பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னோம்’ என்றார்கள் எதிர்ப்பாளர்கள். மசோதா சட்டமாகவே ஆகவில்லை; அவரைக் கார்ன்டன் வேலுக்கு அனுப்பியது 2014-ஆம் ஆண்டின் சிறைக் கொள்கை. ஆனால் அரசியலில் இந்த வித்தியாசத்தை யார் கேட்டார்கள்? ஸ்டர்ஜனிடம் பத்திரிகையாளர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இவர் பெண்ணா, இல்லையா? எல்லாத் திருநங்கைகளும் பெண்களே என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தவருக்கு அந்தக் கேள்விக்கு நேரான பதில் வாயில் வரவில்லை. பிப்ரவரி 15 அன்று பதவி விலகுவதாக அறிவித்தார். இந்த விவகாரம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, வேறு நெருக்கடிகளும் இருந்தன. ஆனால் அந்த மூன்று வாரங்களைப் பார்த்த யாரும் இதைத் தொடர்பில்லாததாக நினைக்கவில்லை.

அதன்பின் இரண்டு நாடுகளும் பின்வாங்கின. பெண்களுக்கு எதிரான வன்முறைப் பின்னணி உள்ள திருநங்கைகளைப் பெண்கள் சிறைக்கு அனுப்புவதை ஸ்காட்லாந்து உடனே நிறுத்தி, 2023 டிசம்பரில் முழுமையான புதிய கொள்கையை வெளியிட்டது. அதுவும் அடிப்படையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கும் கொள்கைதான்; கதவு மட்டும் குறுகலானது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2023 பிப்ரவரியில் இன்னும் கறாராகப் போயின. ஆண் பிறப்புறுப்பு உள்ளவர்கள், வன்முறை அல்லது பாலியல் குற்றம் செய்தவர்கள் இருவகையினரும் பொதுவான பெண்கள் சிறைப் பகுதிக்கு வர முடியாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் அமைச்சரே கையெழுத்திட வேண்டும். குழுவை நம்பியதால் வந்த வினை என்று நினைத்தார்களோ என்னவோ, முடிவை அரசியல்வாதியின் மேசைக்கே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது திருநங்கைக் கைதிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள் சிறைகளில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் 2025 ஏப்ரல் 16. ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற அமைப்பு ஸ்காட்லாந்து அமைச்சர்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கு சிறையைப் பற்றியதே அல்ல. அரசு வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சான்றிதழ் பெற்ற திருநங்கையைப் பெண்ணாகக் கணக்கிடலாமா என்பதுதான் ஆரம்பக் கேள்வி. 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் ஆண், பெண் என்று வருவதெல்லாம் உயிரியல் பாலினத்தையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது என்றது நீதிமன்றம். திருநர்களுக்கு அந்தச் சட்டத்தில் வேறொரு பிரிவின்கீழ் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நீதிபதி ஹாட்ஜ் கேட்டுக்கொண்டார். நீதிமன்ற வாசலில் ஷாம்பெயின் பாட்டில் திறந்துகொண்டிருந்தவர்களிடம் அந்த வேண்டுகோள் எடுபடவில்லை.

சிறைக்கு இதன் பொருள் என்ன? ஒரு தரப்பு சொல்வது எளிமையானது. பெண்கள் சிறை ஒரு பாலினத்துக்கான இடம். பெண் என்றால் உயிரியல் பெண் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு திருநங்கையை உள்ளே விட்டாலும் அது பெண்கள் சிறையாக இருக்காது. ஆகவே குழு, அபாயக் கணிப்பு எல்லாம் எதற்கு? மறுதரப்பு சொல்வது: உச்ச நீதிமன்றம் ஒரு சட்டத்தில் வரும் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தது, கைதிகளை எங்கே வைப்பது என்று உத்தரவு போடவில்லை. மனித உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. பல ஆண்டுக்கு முன்பே அறுவை சிகிச்சை முடித்து, வன்முறைப் பின்னணி எதுவும் இல்லாத ஒரு திருநங்கையை ஆண்கள் சிறையில் தள்ளி அங்கே அவருக்கு ஏதாவது நடந்தால், 3-வது பிரிவின்கீழ் பதில் சொல்ல வேண்டியது அரசுதான். 2025-இல் அதே அமைப்பு மறுபடியும் ஸ்காட்லாந்து அரசின் மீது வழக்குத் தொடுத்தது. இந்த முறை நேராகச் சிறைக் கொள்கையையும் பள்ளி வழிகாட்டலையும் குறிவைத்து. தனித்தனியாகப் பார்க்கும் முறையைக் கைவிட முடியாது என்று அரசு மனித உரிமை உடன்படிக்கையைக் காட்டி வாதாடியது.

அமெரிக்காவில் கதை வேறு வேகத்தில் ஓடுகிறது. 1994-இல் டீ ஃபார்மர் என்ற திருநங்கைக் கைதி, ஆண்கள் சிறையில் தான் வன்கொடுமைக்கு ஆளானதற்காகப் போட்ட வழக்கில்தான், ஆபத்து தெரிந்தும் கண்டுகொள்ளாத சிறை அதிகாரிகள் அரசியலமைப்பை மீறுகிறார்கள் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கோட்பாட்டின் பலன் எல்லாக் கைதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2012-இல் வந்த கூட்டாட்சி விதிகள் திருநர் கைதிகள் விஷயத்தில் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னன. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் போட்ட ஆணை, திருநங்கைகளைக் கூட்டாட்சிப் பெண்கள் சிறைகளிலிருந்து வெளியேற்றச் சொன்னது. வழக்குப் போட்டவர்களைப் பொறுத்தவரை நீதிபதிகள் அதை நிறுத்திவைத்தார்கள்.

பிரிட்டனுக்கே திரும்புவோம். ஆண்கள் சிறைக்கு அனுப்பப்படும் திருநங்கை அங்கே எங்கே இருப்பார் என்று யாரும் விளக்குவதில்லை. பொதுப் பகுதியில் வைத்தால் ஆபத்து என்று பெரும்பாலும் ‘பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவர்கள்’ பிரிவில் வைப்பார்கள். அந்தப் பிரிவில் இருப்பவர்களில் கணிசமானோர் பாலியல் குற்றவாளிகள். மற்ற கைதிகள் அடிப்பார்கள் என்பதால் அவர்களும் பாதுகாப்புக்காக அங்கே இருக்கிறார்கள். பாலியல் தாக்குதலுக்குப் பயந்தவரைப் பாலியல் குற்றவாளிகளோடு சேர்த்து வைப்பது! வேறு வழி தனிமைச் சிறை. அது இன்னொரு வகைத் தண்டனை. ‘மூன்றாவது இடம் கட்டினால் தீர்ந்தது’ என்று இரண்டு பக்கமும் அவ்வப்போது சொல்லப்படுகிறது. ஆனால் சில நூறு பேரே உள்ள ஒரு கூட்டம் நாடு முழுக்கப் பல டஜன் சிறைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் குவித்தால் குடும்பத்தார் வந்து பார்க்க முடியாது. பயிற்சி வகுப்பு, வேலை, போதை மீட்பு எதற்கும் போதிய ஆள் சேராது. டவுன்வியூவின் ஈ விங் இந்த எல்லாச் சிக்கலையும் சின்ன அளவில் காட்டிவிட்டது.

பெண் கைதிகளிடம் யாராவது கேட்டார்களா? எஃப்டிஜே மாதிரி ஒருவர் நீதிமன்றம் போனால்தான் அவர்கள் குரல் வெளியே கேட்கிறது. கொள்கை வகுத்த மேசையில் 2014-இல் திருநர் அமைப்பு இருந்தது, பெண் கைதிகளின் தரப்பு இல்லை. 2023-இல் கறாரான விதி வந்தபோது திருநங்கைக் கைதிகளிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காவலர்கள் நிலையும் அப்படித்தான். பெண் கைதியின் உடலைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். திருநங்கையை யார் சோதிப்பது என்பது ஒவ்வொரு நாளும் ஒருவர் செய்தாக வேண்டிய வேலை; மாறிக்கொண்டே இருக்கும் விதியை அன்றன்று படித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

இத்தனை சண்டையிலும் பேச்சே எழாத ஒரு கூட்டம், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் சிறைகளிலேயே இருக்கிறார்கள், பலர் அதையே விரும்பவும் செய்கிறார்கள். ஆண்கள் சிறையில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உயிரியல் பாலினமே அளவுகோல் என்றால் அவர்கள் இருக்க வேண்டிய இடமும் பெண்கள் சிறைதான். ஆனால் ஹார்மோன் எடுத்து, தாடி வளர்ந்து, குரல் கனத்து, பார்க்க முழு ஆணாகத் தெரியும் ஒருவர் வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களின் நடுவே இருந்தால்? உச்ச நீதிமன்றம் அதே 2025 தீர்ப்பில் இதையும் தொட்டது. ஆண் தோற்றம் காரணமாக நியாயமான ஆட்சேபம் எழும் இடத்தில், திருநம்பிகளைப் பெண்களுக்கான சேவைகளிலிருந்தும் விலக்கலாம் என்றது. ஒரு சேவை மையமாக இருந்தால் விலக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடலாம். பெண்கள் சிறையிலிருந்து விலக்கப்பட்ட திருநம்பியை அரசு வேறெங்காவது அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆண்கள் சிறையா, தனிமை அறையா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.